வேதபாட வகுப்பில் நாம் விடுகிற பிழைகள்

திருகோணமலையில் வேதபாடத்துக்குக் குறைவில்லை. மெதடிஸ்த சபையில் ஒரு நாள், கத்தோலிக்கப் பங்குகளில் ஒரு நாள், சுயாதீன சபைகளில் வீட்டுக்கூட்டம் என்று கிழமையில் ஏதோ ஒரு பின்னேரம் எங்கேயாவது ஒரு விறாந்தையில் பிளாஸ்டிக் கதிரைகள் வட்டமாகப் போடப்பட்டிருக்கும். உப்புவெளி, பாலையூற்று, உவர்மலை எங்கே போனாலும் இதுதான். அப்படியிருந்தும் பத்து வருடம் தவறாமல் வந்த ஒருவர், வீட்டில் ஒரு வருத்தமோ கடனோ வந்ததும், "நான் நம்பிக்கொண்டுதானே இருந்தேன், ஆண்டவர் ஏன் கைவிட்டார்?" என்று உடைந்து போவதைப் பார்க்கிறோம்.

அவருக்கு விசுவாசம் குறைவு என்று சொல்வது லேசு. நான் அப்படி நினைக்கவில்லை. கடவுள் எங்கேயும் கொடுக்காத ஒரு வாக்கை அவர் நம்பியிருந்தார். அது வாக்கு இல்லை என்று அவருக்குக் காட்டியிருக்க வேண்டிய இடம் வேதபாட வகுப்பு. அங்கேதான் நாம் சறுக்குகிறோம்.

எரேமியா 29:11 மட்டும் தெரிந்தவர்கள்

புதுவருட ஆராதனை முடிந்து வெளியே வரும்போது ஒரு தட்டில் வாக்குத்தத்த அட்டைகளை வைத்திருப்பார்கள். கண்ணை மூடி ஒன்றை எடுக்க வேண்டும். அந்த வருடம் முழுக்க அதுதான் நமக்கான வசனம். அதில் அடிக்கடி கையில் வருவது எரேமியா 29:11. "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கு ஏதுவான நினைவுகளே" என்ற வரி. கலண்டரில் இருக்கும், கல்யாண அழைப்பிதழில் இருக்கும், ஆட்டோவின் பின் கண்ணாடியிலும் இருக்கும். வீசா கிடைக்கும், வீட்டுக்கடன் தீரும், மகளுக்கு நல்ல வரன் வரும் என்று அவரவர் தேவைக்கு ஏற்ப அதைப் படித்துக்கொள்கிறோம்.

அதே அதிகாரத்தை முதலாம் வசனத்திலிருந்து படித்தால் அது ஒரு கடிதம். எருசலேமிலிருந்து பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எரேமியா எழுதி அனுப்பியது. அதில் வருகிற முதல் அறிவுரை, வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்து வையுங்கள் என்பது. அதாவது, இப்போதைக்குத் திரும்பி வரப்போவதில்லை. பத்தாம் வசனம் அதைப் பச்சையாகவே சொல்கிறது: 70 வருடம். கடிதத்தை வாசித்துக் கேட்ட வளர்ந்தவர்களில் அநேகர் ஊர் திரும்ப உயிரோடு இருக்கப்போவதில்லை. சமாதானத்துக்கு ஏதுவான நினைவு என்ற வார்த்தை அவர்களுக்குத்தான் சொல்லப்பட்டது.

இதற்கு முந்தின அதிகாரத்தையும் சேர்த்துப் படிக்க வேண்டும். அனனியா என்று ஒரு தீர்க்கதரிசி வருகிறார். ஆலயத்திலே, ஆசாரியர்களும் ஜனங்களும் பார்த்துக்கொண்டிருக்க, இரண்டே வருடத்தில் எல்லாம் திரும்பி வரும் என்கிறார். பாபிலோனுக்கு அடிபணிய வேண்டும் என்பதற்கு அடையாளமாக எரேமியாவின் கழுத்தில் கிடந்த நுகத்தை எடுத்து உடைத்தும் போடுகிறார். சனங்களுக்கு யாரைப் பிடித்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். இன்றைக்கு என்றால் அனனியாவின் கூட்டத்தில் நிற்க இடம் இருக்காது.

இந்தப் பகுதியைத் திருகோணமலையில் இருந்து படிப்பதற்கும் வேறு இடத்தில் இருந்து படிப்பதற்கும் வித்தியாசம் உண்டு. இந்த மாவட்டத்துச் சம்பூர் சனங்கள் 2006இல் போரால் இடம்பெயர்ந்தார்கள். பலர் கிளிவெட்டி முகாமிலும் சுற்றுவட்டார முகாம்களிலும் வருடக் கணக்காக இருந்தார்கள். அரசு பிடித்து வைத்திருந்த அவர்கள் காணிகள் 2015லும் 2016லும்தான் விடுவிக்கப்பட்டன. அடுத்த மாதம் விடுவார்கள், தேர்தலுக்குப் பிறகு விடுவார்கள் என்று எத்தனை கதை கேட்டிருப்பார்கள். முகாமில் இருந்த ஒருவருக்கு, "தோட்டம் போடு" என்ற வரி நம்பிக்கையூட்டுகிற வரியா, நெஞ்சில் அடிக்கிற வரியா? இந்தக் கேள்வியை வகுப்பில் போட்டால் ஒரு மணித்தியாலம் போதாது. அட்டையில் அச்சடித்த வசனத்தை வைத்து ஐந்து நிமிடத்துக்கு மேல் பேச முடியாது.

அட்டை எடுப்பதே பாவம் என்று நான் சொல்ல வரவில்லை. எடுங்கள். ஆனால் எடுத்த வசனத்தின் அதிகாரத்தை அன்றைக்கு இரவே முழுதாகப் படியுங்கள்.

உயர்தரப் பரீட்சைக் காலத்தில் இதே கதி பிலிப்பியர் 4:13க்கும் வரும். "எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு" என்பதைப் பிள்ளையின் மேசையில் ஒட்டி விடுவோம். பவுல் அதை எழுதியபோது காவலில் இருந்தார். அதற்கு முந்தின வசனத்தில் அவர் பட்டியல் போடுவது, திருப்தியாக இருக்கவும் தெரியும், பட்டினியாக இருக்கவும் தெரியும் என்பதை. மூன்று ஏ எடுப்பதைப் பற்றி அங்கே ஒன்றும் இல்லை. இரண்டு எஸ் (சாதாரண சித்தி) மட்டும் எடுத்து வீட்டுக்கு வருகிற பிள்ளைக்குத்தான் அந்த வசனம் இன்னும் பொருந்தும். அன்றைக்குப் பார்த்து யாரும் அதை அந்தப் பிள்ளைக்கு வாசித்துக் காட்டுவதில்லை.

சாட்சி நேரத்தில் பேசாதவர்கள்

வகுப்பு தொடங்கும்போது "யாருக்காவது சாட்சி உண்டா?" என்று கேட்பது வழக்கம். கனடா வீசா கிடைத்தவர் எழும்புவார். ஸ்கேனில் கட்டி இல்லை என்று வந்தவர் எழும்புவார். நல்லது, சந்தோஷப்படத்தான் வேண்டும். ஆனால் அதே வட்டத்தில் வீசா நிராகரிக்கப்பட்டவரும் இருக்கிறார். ஸ்கேனில் கட்டி இருக்கிறது என்று வந்தவரும் இருக்கிறார். அவர்கள் குனிந்து பைபிளின் ரிப்பனைத் தடவிக்கொண்டிருப்பார்கள். இப்படியே வருடக் கணக்கில் நடந்தால், விசுவாசம் என்பது கொடுத்து வாங்குகிற வியாபாரம் என்று யாரும் போதிக்காமலே எல்லோருக்கும் பதிந்துவிடும். நான் இவ்வளவு செபித்தேன், இவ்வளவு காணிக்கை போட்டேன், ஆகவே இது நடக்க வேண்டும்.

எபிரெயர் 11ஆம் அதிகாரத்தை நாம் விசுவாச வீரர்களின் பட்டியல் என்று சொல்லுவோம். பெரும்பாலான வகுப்புகள் 34ஆம் வசனத்தோடு நிறுத்திவிடும். விசுவாசத்தினாலே சிங்கத்தின் வாயை அடைத்தார்கள், பட்டயத்துக்குத் தப்பினார்கள். இதுவரைக்கும் நல்லாத்தான் இருக்கிறது. அடுத்த வசனத்தின் நடுவில் பேச்சு திரும்புகிறது: வேறு சிலர் வாதிக்கப்பட்டார்கள், கல்லெறியுண்டார்கள், 37ஆம் வசனத்தில் பட்டயத்தினாலே வெட்டப்பட்டார்கள். தப்பினவரும் வெட்டுப்பட்டவரும் ஒரே பட்டியலில், ஒரே விசுவாசத்தோடு. 39ஆம் வசனம் இரண்டு பேருக்கும் சேர்த்தே நற்சாட்சி கொடுக்கிறது.

நம் கரையில் இது வெறும் பாடம் இல்லை. சுனாமி வந்த 2004 டிசம்பர் 26 ஒரு ஞாயிற்றுக்கிழமை. அதற்குப் பிறகு வந்த வாரங்களில், "செபித்தோம், ஆண்டவர் காப்பாற்றினார்" என்று சொன்னவர்களுக்குப் பக்கத்தில், அதே மாதிரிச் செபித்துப் பிள்ளையைக் கடலுக்குக் கொடுத்தவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறன்று குண்டு வெடித்தபோது செத்தவர்களில் பலர் ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகள். "நம்பினவரைக் காப்பார்" என்று அரை வசனத்தில் பாடத்தை முடித்துவிட்டால், அந்தத் தாய் தகப்பன்மாருக்கு நாம் என்ன சொல்லிக்கொண்டிருக்கிறோம்? சாத்ராக், மேஷாக், ஆபேத்நேகோ மூன்று பேரும் தீச்சூளையில் போடுவேன் என்று மிரட்டிய ராஜாவிடம், எங்கள் தேவன் தப்புவிக்க வல்லவர் என்று சொன்ன கையோடு, அப்படி விடுவிக்காமற்போனாலும் உன் சிலையை வணங்கமாட்டோம் என்கிறார்கள். தானியேல் 3:18. இந்த "போனாலும்" இல்லாத நம்பிக்கையைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்காதீர்கள்.

சாட்சி நேரத்தை நிறுத்த வேண்டியதில்லை. "கேட்டது கிடைக்காமல் இருக்கிறவர்கள் யாராவது இருக்கிறீர்களா, உங்களுக்காக என்ன செபிக்க வேண்டும்?" என்று ஒரு கேள்வியைக் கூட்டிக்கொண்டால் போதும். முதல் இரண்டு கிழமை ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். பிறகு ஒரு அக்கா பேசத் தொடங்குவா.

கேள்வி கேட்டால் விசுவாசம் போய்விடுமா?

நம் ஆட்களிடம் ஒரு பழக்கம் உண்டு. போதகரிடமோ ஃபாதரிடமோ கேள்வி கேட்பது மரியாதைக் குறைவு. சந்தேகம் என்ற சொல்லே பாவம். ஆகவே இளம் பிள்ளைகள் வகுப்பில் தலையாட்டிவிட்டு, வெளியே வந்து டச்சுக் குடா கரையில் இருந்துகொண்டு தங்களுக்குள் கேட்டுக்கொள்கிறார்கள். பதில் தெரிந்த பெரியவர் அங்கே இருப்பதில்லை.

சங்கீதம் 13 "எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று கடவுளிடமே கேட்கிறது. 88ஆம் சங்கீதம் கடைசிவரை இருட்டாகவே போய் இருட்டிலேயே முடிகிறது, ஆறுதலான கடைசி வரி கூட அதில் இல்லை. இவை சபையில் பாடுவதற்காக எழுதப்பட்ட பாட்டுகள் என்பதை மறக்க வேண்டாம். மாற்கு 9இல் தன் பிள்ளைக்காக வந்த தகப்பன், விசுவாசிக்கிறேன், என் அவிசுவாசம் நீங்க உதவிசெய்யும் என்று ஒரே மூச்சில் இரண்டையும் சொல்கிறான். இயேசு அவனை ஏசவில்லை, பிள்ளையைச் சுகமாக்குகிறார்.

வகுப்பு நடத்துகிறவருக்கு எல்லாவற்றுக்கும் பதில் தெரிய வேண்டும் என்று சட்டமில்லை. "தெரியாது தம்பி, அடுத்த கிழமைக்குள் பார்த்துச் சொல்கிறேன்" என்றால் ஒருவரும் குறைவாக நினைக்க மாட்டார்கள். அடுத்த கிழமை மறக்காமல் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். கேட்கிறவர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. அப்போஸ்தலர் 17இல் பெரோயா ஊரார், பவுல் சொன்னதையே, அது சரிதானா என்று தினமும் வேதத்தைப் பார்த்துச் சோதித்தார்கள். அதற்காக அவர்களை நற்குணசாலிகள் என்று அந்தப் புத்தகத்தை எழுதிய லூக்கா புகழ்கிறார்.

மருந்தும் மன்றாட்டும்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஆனால் இது ஆபத்தான பிழை. சுகமளிக்கும் கூட்டத்துக்குப் போய்வந்த சொந்தக்கார மாமி ஒருத்தி, பிரஷர் மாத்திரையைப் போட்டால் அவிசுவாசம் என்று நிறுத்திவிட்டா. கடைசியில் ஆஸ்பத்திரி வார்டில்தான் முடிந்தது. "உன் சுயபுத்தியின்மேல் சாயாமல்" என்ற நீதிமொழிகள் வசனம் டொக்டரைப் பற்றியது அல்ல. லூக்கா வைத்தியன். தீமோத்தேயுவின் வயிற்றுக்குப் பவுலே கைமருந்து சொல்கிறார். நெகேமியா 4:9இல் எருசலேம் மதிலைக் கட்டியவர்கள் செபமும் பண்ணினார்கள், இரவும் பகலும் காவலும் போட்டார்கள். தேவாலய உச்சியிலிருந்து குதி, தூதர்கள் தாங்குவார்கள் என்று இயேசுவிடம் 91ஆம் சங்கீதத்தை எடுத்துக் காட்டியது பிசாசு என்பது எல்லோருக்கும் தெரியும். மாத்திரையை நிறுத்தச் சொல்கிற போதனை எங்கே நடந்தாலும் அந்தக் கூட்டத்துக்குப் போகாதீர்கள்.

பக்கத்து வீட்டாரைக் குறைத்துப் பேசுவது

சில வகுப்புகளில் விசுவாசம் எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவுக்கு அயலவர் மீது இளக்காரமும் கூடுகிறது. கோணேசர் கோயில் மணியும் பள்ளிவாசல் பாங்கும் விகாரையின் பிரித் ஓதலும் ஒரே காலையில் கேட்கிற ஊர் இது. இங்கே அடுத்தவரின் வழிபாட்டைக் கிண்டல் பண்ணிப் பாடம் நடத்துவதற்கு விசுவாசம் தேவையில்லை, வாய் இருந்தால் போதும். திரும்பவும் அதே எரேமியா 29தான், ஏழாம் வசனம்: நீங்கள் இருக்கிற பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள், அதற்காக மன்றாடுங்கள். அது பாபிலோன், அவர்களைச் சிறைபிடித்த ஊர். அப்படிப்பட்ட ஊருக்காகவே மன்றாடச் சொன்னவர் திருகோணமலைக்காக மன்றாட வேண்டாம் என்பாரா?

எங்கே தொடங்குவது

தை மாதம் ஆதியாகமத்தில் தொடங்கி, யாத்திராகமத்தில் ஆசரிப்புக் கூடாரத்தின் அளவுகள் வரும்போது மாசியில் நின்றுபோவது எல்லோருக்கும் தெரிந்த கதை. புது வகுப்பு என்றால் மாற்கில் தொடங்குங்கள். 16 அதிகாரம், கிழமைக்கு ஒன்று, நாலு மாதத்தில் முடியும். பிறகு யாக்கோபு, ஐந்தே அதிகாரம். ஆளுக்கு இரண்டு மூன்று வசனம் சத்தமாக வாசிக்கட்டும். எழுத்து வாசிக்கத் தயங்குகிறவரை வற்புறுத்த வேண்டாம். யாருக்கு, எப்போது, ஏன் சொல்லப்பட்டது என்ற மூன்று கேள்வியையும் கேட்டுவிட்டு, அதற்குப் பிறகுதான் "எனக்கு என்ன?" என்ற கேள்விக்கு வர வேண்டும். நாம் அவசரத்தில் நாலாவதிலிருந்து தொடங்குகிறோம்.

ஃபோனில் யூடியூப் பிரசங்கம் கேட்பது தப்பில்லை. ஆனால் திங்கள் ஒருவர், செவ்வாய் ஒருவர் என்று கேட்டுக்கொண்டே போனால் எதையும் செய்து பார்க்க நேரம் இருக்காது. வகுப்பில் கேட்டதில் ஒரு காரியத்தை, ஒன்றே ஒன்றை, அந்தக் கிழமைக்குள் செய்து பாருங்கள். கதைக்காமல் இருக்கிற தம்பியிடம் ஒரு வார்த்தை பேசுவதாகக்கூட இருக்கலாம்.

கார்த்திகை, மார்கழி மழைக்கு வகுப்பு இரண்டு மூன்று கிழமை தவறத்தான் செய்யும். அப்போது திரும்ப முதலிலிருந்து தொடங்காமல் விட்ட இடத்திலிருந்தே போங்கள். வராதவருக்கு யாராவது ஒருவர் ஃபோன் எடுத்து, இப்போது எந்த அதிகாரத்தில் நிற்கிறோம் என்று சொல்லிவிட்டால் அவர் அடுத்த கிழமை வந்துவிடுவார்.