அசதிக்குச் சத்து மாத்திரை வாங்கும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வயிறு உப்புசம், நெஞ்செரிச்சல், ஒரு நாள் பேதி, மறுநாள் மலச்சிக்கல், எந்நேரமும் அசதி. இப்படி வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரு துணிப்பையோடு வருகிறார்கள். கவிழ்த்தால் இரும்புச்சத்து டானிக், பி காம்ப்ளெக்ஸ், மஞ்சள் கேப்சூல், பாதி தீர்ந்த கேஸ் மாத்திரை அட்டை எல்லாம் மேசையில் விழும். ஈரோட்டில் உணவு ஆலோசகராக இருக்கிறேன். புதிதாக வருகிறவர்களும் பழைய ஆட்கள் செய்த அதே தவறுகளைத்தான் செய்கிறார்கள். நேரத்துக்குச் சாப்பிடுங்கள், எண்ணெய்ப் பலகாரத்தைக் குறையுங்கள் என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். அதை விட்டுவிடுகிறேன்.

பரிசோதனைக்கு முன்பே சத்து மாத்திரை

இதைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும்.

பவானிப் பக்கம் ஜமக்காளம் நெய்கிற பெரியவர் ஒருவர், அறுபதைத் தாண்டியவர். குழித்தறியில் உட்கார்ந்தே முழங்கால் போய்விட்டது. மருந்துக்கடையில் வலி மாத்திரை கேட்டு வாங்கி விழுங்கிக்கொண்டிருந்தார். அப்புறம் நாலு படி ஏறினாலே மூச்சு வாங்கியது. ரத்தம் கம்மி என்று மகன் டானிக் வாங்கிக் கொடுத்தார். மலம் கருப்பாகப் போகிறதா என்று கேட்டேன். "டானிக் குடிச்சா அப்படித்தானுங்க அம்மிணி போகும், கடைக்காரரே சொன்னாருங்க" என்றார்.

இரும்புச்சத்து சாப்பிட்டால் மலம் கருக்கும் என்பது உண்மைதான். ஆனால் இரைப்பையில் ரத்தம் கசிந்தாலும் கருக்கும். அது பிசுபிசுவென்று ஒட்டும், நாற்றமும் கடுமையாக இருக்கும். துருவிக் கேட்ட பிறகுதான், டானிக் ஆரம்பிக்கும் முன்பே அப்படித்தான் போனது என்று சொன்னார். எண்டோஸ்கோப்பியில் புண் தெரிந்தது. வலி மாத்திரை அரித்த புண், அதில் கசிந்த ரத்தம், அதனால் வந்த அசதி. டானிக் இத்தனையையும் மறைத்து வைத்திருந்தது.

ஆண்களுக்கோ, மாதவிடாய் நின்ற பெண்களுக்கோ இரும்புச்சத்து குறைந்தால், கீரை சாப்பிடவில்லை என்று முடித்துவிடக் கூடாது. ரத்தம் எங்கே போகிறது என்று மருத்துவர் தேடியாக வேண்டும். பெருங்குடல் புற்றுநோய்கூடச் சிலருக்கு முதலில் ரத்தசோகையாகத்தான் வெளிப்படும். மாத்திரை போட்டதும் ஹீமோகுளோபின் கொஞ்சம் ஏறும், ஆள் தெம்பாகிவிடுவார், தேடுவது தள்ளிப்போகும். அப்படித் தள்ளிப்போவதைப் பார்க்கும்போதெல்லாம் இன்றும் எனக்கு ஆத்திரம் வருகிறது.

பி12 கதையும் இதேதான். கேஸ் மாத்திரை என்று நாம் சொல்கிற பான்டோபிரசோலை வருடக்கணக்கில் போடுகிறவர்கள், சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் எடுப்பவர்கள், சுத்த சைவக்காரர்கள் ஆகியோருக்கு பி12 குறைய வாய்ப்பு அதிகம். அசதியும் பாத மதமதப்பும் அதன் அறிகுறிகள். சத்து ஊசி போட்டுக்கொண்ட பிறகு பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்தால் அளவு ஏறித்தான் தெரியும். முன்பு குறை இருந்ததா, ஏன் இருந்தது என்று கண்டுபிடிப்பது சிக்கலாகிவிடும். ஃபோலிக் அமிலத்தை மட்டும் தனியாகச் சாப்பிட்டால் இன்னும் மோசம். ரத்தசோகை தேறிவிடும், ஆனால் பி12 குறைவால் நரம்பு கெடுவது நிற்காது.

முடிக்காகச் சாப்பிடும் பயோட்டின் சில தைராய்டு பரிசோதனைகளில் தப்பான எண்ணைக் காட்டவைக்கும். கோதுமையை நிறுத்திவிட்டு, கோதுமையின் குளூட்டன் புரதம் ஆகாமல் குடல் கெடுகிற சீலியாக் நோய்க்கான பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்தாலும், நோய் இருந்தும் இல்லை என்று வரலாம். ஆகவே முதலில் ரத்த அணுக்கள், உடம்பில் இரும்புச்சத்து இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின், பி12, தைராய்டு, சர்க்கரை என்று மருத்துவர் சொல்கிற பரிசோதனைகள், மாத்திரை அப்புறம். ஏற்கெனவே ஆரம்பித்திருந்தால் பையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். மறைக்காதீர்கள்.

மஞ்சள் கேப்சூல்

2019இல் புவிசார் குறியீடு வாங்கிய எங்கள் ஈரோட்டு மஞ்சள் வீட்டு டப்பாவில் இருக்கிறது. குழம்பில் போடுங்கள், பயமில்லை. கேப்சூல் வேறு. செறிவூட்டிய சாறு, உடம்பு நன்றாக உறிஞ்சட்டும் என்று மிளகின் பைப்பரினும் சேர்த்திருப்பார்கள். இதனால் கல்லீரல் வீங்கியவர்களைப் பற்றி மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது. சிறுநீர் அடர்ந்த நிறத்தில் போனாலோ, கண் மஞ்சளானாலோ அன்றே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

டீடாக்ஸ் பொடி

வேண்டாம்.

ஒதுக்கியதைத் திரும்பச் சேர்க்காமல் விடுவது

உப்புசத்துக்கு ஃபாட்மேப் குறைந்த உணவு என்று ஒரு முறை இருக்கிறது. மெல்போர்னில் உள்ள மோனாஷ் பல்கலைக்கழகம் உருவாக்கியது. குடலில் சரியாகச் செரிக்காமல் புளித்து வாயு உண்டாக்கும் மாவுச்சத்துகளுக்குத்தான் ஃபாட்மேப் என்று பெயர். அவற்றை 2 முதல் 6 வாரம் ஒதுக்குவது முதல் கட்டம். பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்து, எது ஆகவில்லை என்று பார்க்க வேண்டும். நம் ஆட்கள் முதல் கட்டத்திலேயே குடியேறிவிடுகிறார்கள். கொள்ளும் போச்சு, தட்டைப்பயறும் போச்சு, கடைசியில் இட்லியும் ரசமும் மட்டும். அசதி அதிலேயே கூடும்.

நம் சமையலில் பல பேருக்கு ஆகாதது பயறைவிட வெங்காயமும் பூண்டும்தான். அரிசிம்பருப்பு சாதத்துக்குப் பூண்டை எண்ணெயில் வதக்கி, பூண்டை எடுத்துவிட்டு அந்த எண்ணெயில் தாளித்துப் பாருங்கள். தொந்தரவு தருகிற சத்து எண்ணெயில் கரையாது, வாசம் மட்டும் இறங்கும். கொள்ளை இரவே ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு வேகவையுங்கள். முதல் நாள் ஒரு கரண்டி போதும்.

இரும்பு மாத்திரையோடு டீ

முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் டீ, காபி கூடாது.

வாரம் ஒன்று என்பதை தினம் ஒன்றாக்குவது

வைட்டமின் டி 60,000 யூனிட் பாக்கெட் வாரம் ஒன்று, அதுவும் சில வாரங்களுக்குத்தான். அதைத் தினமும் கலக்கிக் குடித்தவர்களையும், வருடக்கணக்கில் விடாமல் குடித்தவர்களையும் பார்த்திருக்கிறேன். அளவு மீறினால் ரத்தத்தில் கால்சியம் ஏறும். மலச்சிக்கல், குமட்டல், அசதி எல்லாம் வரும், அதாவது எதற்காக ஆரம்பித்தார்களோ அதே தொந்தரவுகள். குணமாகவில்லையே என்று இன்னும் நாலு பாக்கெட் வாங்குவார்கள். மருத்துவர் எழுதிக் கொடுக்கும்போதே எந்தக் கிழமை, எத்தனை வாரம் என்று கேட்டுச் சீட்டிலேயே குறித்து வாங்கிக்கொள்ளுங்கள்.