பழைய சேவர், யூபிஎஸ், றாக் எல்லாம் கொழும்புல இருந்து மட்டக்களப்புக்கு உடையாம லொறியில கொண்டு வாறது எப்பிடி

கல்லடியில நாங்க நடத்துற சின்ன கொம்பியூட்டர் சென்டருக்கு பாவிச்ச சேவர் (கன கொம்பியூட்டருக்குப் பொதுவா ஓடுற பெரிய கொம்பியூட்டர்) நாலு, கரண்ட் போனா பற்றறியில ஓட வைக்கிற பெரிய யூபிஎஸ் ஒண்டு, சேவர அடுக்குற இரும்பு அலுமாரி மாதிரி றாக் ஒண்டு, எல்லாம் கொழும்புல ஒரு ஒபிஸ் கழிச்சு வித்த நேரம் எடுத்தம். விலை நல்ல விலைதான், ஆனா வந்து சேந்த அண்டைக்கு யூபிஎஸ் பெட்டியக் கொஞ்சம் சாய்ச்ச உடன உள்ளுக்க கட கட எண்டு ஒரு சத்தம், மூடியக் கழட்டிப் பார்த்தா பற்றறித் தட்டு ஆணியோட பிடுங்கிக்கொண்டு போய் போர்ட்ல இடிச்சு, போர்ட் நடுவால வெடிச்சுக் கிடக்கு. வெளியில ஒரு கீறலும் இல்ல! லொறிக்காரர்ல பிழை இல்ல, நாங்கதான் பாரத்த உள்ளுக்க வச்சபடியே அனுப்பிட்டம். அதுக்குப் பிறகு மூண்டு தரம் சாமான் எடுத்திட்டம், ஒண்டும் உடையல. புதுசா செய்யிற ஆக்களுக்கு உதவும் எண்டுதான் எழுதுறன்.

முதல் வேலை, லொறிக்குக் கதைக்க முன்ன அளந்து நிறுத்து ஒரு தாள்ல எழுதுறது. டெல் ஆர்710 மாதிரி 2யூ சேவர் ஒண்டு டிஸ்க் நிறைஞ்சிருந்தா 26 கிலோ வரைக்கும் வரும். யூ எண்டது றாக் சாமான்ட உயரத்த அளக்கிற அலகு, 1யூ எண்டா 44.45 மில்லிமீட்டர், அந்தக் கணக்குல 42யூ றாக் ஏறத்தாழ 2 மீட்டர் வரும், அது படுக்க வைக்காம சின்ன பட்டா லொறியில ஏறுமா, வீட்டு வாசலால உள்ளுக்க போகுமா எண்டு முதலே பாருங்க. நீளம் அகலம் உயரம், எத்தின உருப்படி, ஒவ்வொண்டும் எத்தின கிலோ, இவ்வளவும் சொன்னாத்தான் லொறி சேர்விஸ்காரர் சரியான கூலி சொல்லுவார். சும்மா "கொஞ்சம் கொம்பியூட்டர் சாமான்" எண்டு சொன்னா பிறகு ஏத்துற இடத்துல நிண்டு பேரம் பேச வேண்டி வரும்.

அடுத்தது கழட்டுறது. இதுலதான் நேரம் செலவழிக்கணும், அரை நாள் போனாலும் பரவாயில்ல. ஒரு ஆள் தனியத் தூக்கினாலும் கை நழுவாத பாரமா ஒவ்வொரு உருப்படியையும் ஆக்கணும், ஏனெண்டா சாமான் ரோட்டுல உடையிறத விட ஏத்தேக்கயும் இறக்கேக்கயும்தான் கூட உடையிது. றாக்ல இருந்து சேவர் எல்லாத்தையும் வெளியில எடுங்க, சேவரோட றாக்க அப்பிடியே ஏத்த வேண்டாம். றாக்குக்குள்ள சேவரத் தாங்குற றெயில கழட்டி எந்த சேவருக்கு எது எண்டு ரேப் ஒட்டி எழுதுங்க. ஹார்ட் டிஸ்க்க கழட்டேக்க ஒவ்வொண்டுலயும் சேவர் நம்பரும் எத்தினையாவது குழி எண்டதும் மார்க்கரால எழுதுங்க, றெய்ட்ல, அதாவது கன டிஸ்க்க ஒண்டாச் சேத்துப் பாவிக்கிற முறையில இருந்த டிஸ்க்க மாறிப் போட்டா அத நடத்துற சில கார்ட்டுக்குப் பிரச்சினை வரும். டிஸ்க் நிண்டிருக்கேக்க உள்ள தட்ட வாசிக்கிற ஹெட் ஒதுங்கி நிக்கும், அதனால ஓடிக்கொண்டிருக்கிற டிஸ்க்க விட அடி தாங்கும், எண்டாலும் நான் லொறியில விடுறதில்ல, ஸ்டாற்றிக் கரண்ட் தாக்காத அன்ரி ஸ்டாற்றிக் பைல போட்டு துவாயால சுத்தி என்னோட நைட் றெயின்ல கொண்டு வாறன்.

யூபிஎஸ் இருந்தா இதக் கவனமா வாசிங்க. 3 கேவிஏ யூபிஎஸ்ல பெரும்பாலும் 6 இல்லாட்டி 8 பற்றறி இருக்கும், 12 வோல்ட் 7 ஏஎச் பற்றறி ஒண்டே 2 கிலோவுக்கு மேல, பாரம் முழுக்க அதுலதான். கரண்ட்ட நிப்பாட்டி, வயரக் கழட்டி, பிறகு பற்றறிய எடுங்க. முனை ரெண்டுலயும் இன்சுலேசன் ரேப் ஒட்டுங்க, ஒரு சாவியோ கம்பியோ ரெண்டு முனையிலயும் பட்டா நெருப்புப் பிடிக்கிற அளவுக்கு கரண்ட் பாயும். நிமித்தி வச்சுத் தனிப் பெட்டியில அடுக்குங்க. ஊதின பற்றறிய கொண்டு வரவே வேண்டாம்.

பொதி பண்றதுக்கு புதுசா ஒண்டும் வாங்கத் தேவையில்ல. ரெஜிபோம் தட்டு, தடிச்ச காட்போட், பழைய மெத்தைத் துண்டு காணும், பெட்டிக்கும் சேவருக்கும் இடையில எல்லாப் பக்கமும் 5 சென்ரிமீட்டராவது வரட்டும். கையால ஆட்டிப் பாருங்க, உள்ளுக்க அசைஞ்சா இன்னும் அடைங்க. பிளாஸ்டிக் றோல பெட்டிக்கு வெளியில சுத்துங்க, சேவர்ல நேரடியா வேண்டாம், ஸ்டாற்றிக் வரும். ஒவ்வொரு சாமானையும் சீரியல் நம்பர் தெரியிற மாதிரி ஃபோட்டோ எடுத்திருங்க, பெட்டியில 1/7, 2/7 எண்டு எழுதுங்க, லொறி பில்லுலயும் 7 உருப்படி எண்டு போட வைங்க.

புறக்கோட்டையில ஏத்துற நாட்டாமி அண்ணன்மார் பாரம் தூக்கிப் பழகின ஆக்கள், ஆனா அரிசி மூடைக்கும் இதுக்கும் வித்தியாசம் இருக்கு எண்டத முதலே மரியாதையாச் சொல்லுங்க, சொன்னா கவனமாத்தான் வைப்பாங்க. பெட்டிய கபினுக்குப் பின்பக்கப் பலகையோட ஒட்டி அடுக்கச் சொல்லுங்க. ஹபறண, பொலன்னறுவைப் பக்கம் ராவுல யானை ரோட்டுக்கு வரும், இங்கால வந்தா மாடு படுத்திருக்கும், டக்கெண்டு பிறேக் போட்டா முன்னுக்கு இடைவெளி இருக்கிற சாமான் எல்லாம் பாய்ஞ்சு போய் அடிபடும். வெறும் றாக்க மெத்தைத் துண்டுக்கு மேல மல்லாத்தி வச்சுக் கட்டலாம். கார்த்திகை, மார்கழியில எடுக்கிறதெண்டா படங்கு ஓட்டையில்லாததா எண்டு நீங்களே பாருங்க, நம்மட பக்கத்து மாரி மழை தெரியும்தானே.

இறக்கேக்க எங்கட ஒழுங்கை முழுக்க மணல், றாக் சில்லு சின்னது, அப்பிடியே புதைஞ்சு றாக் சரியும். ரெண்டு பலகை மாறி மாறிப் போட்டு அதுக்கு மேல உருட்டுங்க. பெட்டி நசிஞ்சிருந்தா கையெழுத்து வைக்க முன்ன பில்லுலயே அத எழுதி ஃபோட்டோ எடுங்க.

வந்த உடன ஆசையில சுவிட்ச் போட்டிராதீங்க. மழை ஈரத்துல வந்த சாமான அரை நாளாவது மூடியத் திறந்து காய விடுங்க. பிறகு றாம், கார்ட், சூட்ட வெளியேத்துற ஹீற் சிங்க் எல்லாம் இறுக்கமா இருக்கா எண்டு கையால அமத்திப் பாருங்க, கழண்ட ஆணி போர்ட்ல கிடக்கா எண்டு ரோர்ச் அடிச்சுப் பாருங்க. முதல்ல டிஸ்க் இல்லாம ஒரு சேவர மட்டும் நிலத்துல வச்சுப் போடுங்க, பிழை ஒண்டும் காட்டல எண்டா நிப்பாட்டி டிஸ்க்க அதது குழியில ஏத்துங்க. எல்லாம் ஓடின பிறகு றாக்ல அடுக்கேக்க யூபிஎஸ் ஆக அடியில, அதுக்கு மேல பாரமான சேவர், மேல போகப் போக இலேசானது.