பிள்ளைகளோடு வெளியே இரண்டு நாள்: பெரிய திட்டம் எதுவும் வேண்டாம்

குழந்தைகளோடு விடுமுறை என்றாலே விடுதி, நுழைவுச்சீட்டு, விடியற்காலையில் எழுப்பி இழுத்துக்கொண்டு போய் ஒரே நாளில் ஐந்து இடம் காட்டுவது என்று ஆகிவிட்டது. திரும்பி வந்து என்ன பிடித்தது என்று கேட்டால் விடுதியில் இருந்த லிஃப்ட் என்கிறார்கள். எங்கள் வீட்டிலும் இதுதான் கதை. அப்புறம்தான் ஒரு மரநிழல், கொஞ்சம் தண்ணீர், ஒரு டென்ட் என்று சுருக்கிக்கொண்டோம்.

முதலில் இடம். இரண்டு மணி நேரத்தில் போய்ச் சேரக்கூடியதாக இருக்கட்டும், அதற்கு மேல் போனால் வண்டியிலேயே சண்டை முடிந்து எல்லோரும் களைத்துவிடுவார்கள். கணுக்கால் அளவு தண்ணீர் ஓடும் ஓடை, நல்ல நிழல், ஓடி விழ ஒரு வெட்டவெளி இருந்தால் போதும். இரவு தங்கலாமா, நெருப்பு மூட்டலாமா என்று முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். இடம் பிடித்துவிட்டால் அடுத்த முறையும் அதே இடத்துக்குப் போங்கள். பெரியவர்களுக்குத்தான் புது இடம் வேண்டும். பிள்ளைகளுக்கு "போன தடவை நான் ஏறின பாறை" அங்கேயே இருக்கிறதா என்று பார்ப்பதில்தான் சந்தோஷம்.

டென்ட்டைக் கிளம்புவதற்கு முந்தின வாரமே மொட்டைமாடியிலோ கூடத்திலோ ஒருமுறை விரித்துப் பாருங்கள். நாங்கள் பார்க்கவில்லை. இருட்டிய பிறகு பையைத் திறந்தால் துணி இருக்கிறது, ஆணி இருக்கிறது, கம்பிகள் மட்டும் வீட்டுப் பரணில். நான்கு பேரும் காரிலேயே மடங்கிப் படுத்தோம். கழுத்துவலி எனக்கு மூன்று நாள் இருந்தது, பிள்ளைகள் இன்றைக்கும் அந்த இரவைத்தான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

போய்ச் சேர்ந்ததும் ஒரு கண்டம் இருக்கிறது. முதல் நாள் மதியம், "போரடிக்குது" என்ற பல்லவி ஆரம்பிக்கும். அப்போது போனை நீட்டிவிட்டால் மொத்தப் பயணமும் அத்தோடு முடிந்தது. விளையாட்டு சொல்லித்தரவும் வேண்டாம், சும்மா விடுங்கள், ஒரு மணி நேரமோ இரண்டு மணி நேரமோ சிணுங்கிவிட்டுத் தானாக எதையாவது கையில் எடுப்பார்கள். என் மகன் ஓடையில் அணை கட்ட ஆரம்பித்தான். கல்லை வரிசையாக வைத்தான், இடுக்கு வழியாகத் தண்ணீர் போனது. இலையைத் திணித்தான், இலை மிதந்து போனது. சேற்றை அப்பினான், கரைந்தது. கூழாங்கல்லைப் போட்டு அதன்மேல் சேற்றை அப்பினால் கொஞ்சம் நிற்கும் என்று எனக்குத் தெரியும், சொல்லத் துடித்த நாக்கைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மறுநாள் காலை பத்து மணிக்கு அவனே கண்டுபிடித்தான். கிட்டத்தட்ட ஒரு நாள்! வீட்டில் பத்து நிமிடம் ஒரு இடத்தில் உட்காராத பையன்.

அதோடு, பொம்மை வேலை கொடுக்காதீர்கள், நிஜ வேலை கொடுங்கள். நாலு வயதுப் பிள்ளை டென்ட் ஆணிகளை எண்ணிக் கொடுக்கலாம், ஏழு வயதுக்குத் தண்ணீர் நிரப்புவது, பத்து வயதுக்கு வரைபடம் பார்த்து வழி சொல்வது. தப்பாகச் சொன்னால் அந்த வழியிலேயே கொஞ்ச தூரம் நடந்துவிட்டுத் திரும்புங்கள், யாருக்கும் எதுவும் ஆகிவிடாது.

இரவில் ஒரு அரைமணி நேரம் எல்லா வெளிச்சத்தையும் அணைத்து விடுங்கள். கண் இருட்டுக்கு நன்றாகப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். நடுவில் ஒருவர் டார்ச் அடித்தால் மறுபடி முதலிலிருந்து. அதற்குப் பின் தெரியும் வானம் வேறு. பகல் வெளிச்சத்துக்கும் தனிப் பலன் உண்டு: வீட்டு அறையின் வெளிச்சம் சில நூறு லக்ஸ்தான் (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு), வெயில் நாளில் வெளியே 10,000 லக்ஸைத் தாண்டும். வெளியில் அதிக நேரம் இருக்கும் பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை வரும் வாய்ப்பு குறைவு என்று ஆய்வுகள் காட்டுகின்றன.

பாதுகாப்பில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். தண்ணீரில் மூழ்கும் குழந்தை பெரும்பாலும் கத்தாது, அதனால் கைக்கெட்டும் தூரத்தில், போன் இல்லாமல், ஒரு பெரியவர் இருந்தே ஆகவேண்டும். முறை போட்டுக்கொள்ளுங்கள், "எல்லோரும் பார்த்துக்கொள்வோம்" என்றால் யாரும் பார்க்கவில்லை என்று அர்த்தம். ஒவ்வொரு பிள்ளையின் கழுத்திலும் ஒரு விசில். வழி தவறினால் தேடி அலையாமல் பக்கத்திலுள்ள மரத்தடியிலேயே இருந்து மூன்று மூன்றாக ஊதச் சொல்லிக்கொடுங்கள். ஆனால் இடி கேட்டால் மரத்தடி கூடவே கூடாது. உடனே காருக்குள்ளோ கட்டடத்துக்குள்ளோ போய்க் கடைசி இடி முடிந்து 30 நிமிடம் வரை உள்ளேயே இருங்கள்.

வீடு திரும்பியதும் டென்ட்டை நன்றாகக் காயவைத்து மடியுங்கள், இல்லாவிட்டால் பூஞ்சை பிடித்து நாறும். கம்பிகளையும் அதே பைக்குள் போட மறக்காதீர்கள். அப்புறம், பிள்ளைகளின் துணியை வாஷிங் மெஷினில் போடுமுன் எல்லாப் பாக்கெட்டையும் துழாவுங்கள். கல் இருக்கும்.