டிஷ்வொஷரில் தண்ணீர் சுடவில்லையா? ஒன்ராறியோவுக்குப் புதிதாக வந்தவர்கள் பார்க்கவேண்டியவை

ஆட்டிறைச்சிக் கறி சாப்பிட்ட கோப்பையை டிஷ்வொஷரில் கழுவி எடுத்ததும் விரலால் ஒருக்கால் தேய்த்துப் பாருங்கள். மெழுகு பூசினதுபோல வழுவழுத்தால் உள்ளே தண்ணீர் போதிய அளவு சுடவில்லை என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும். தேங்காய் எண்ணெய் 24 பாகை செல்சியஸ் அளவிலேயே உருகிவிடும். ஆட்டுக்கொழுப்புக்கு 40 பாகைக்கு மேலே வேண்டும். அதனால்தான் வெதுவெதுப்பான தண்ணீரில் பருப்புச் சட்டி பளிச்சென்று வரும், இறைச்சிச் சட்டி வராது. சவர்க்கார வில்லை பாதி கரைந்தபடி கதவு மூடியில் ஒட்டிக்கிடப்பது, முடிந்த உடனே கதவைத் திறந்தாலும் பீங்கான் சூடில்லாமல் இருப்பது, மிச்ச நேரம் காட்டும் இலக்கம் ஒரே இடத்தில் நின்றுவிடுவது எல்லாம் அதே சந்தேகத்தை வலுப்படுத்தும்.

பிளாஸ்ரிக் பெட்டிகள் ஈரமாகவே இருந்தால் பயப்பட வேண்டாம். பிளாஸ்ரிக் சூட்டைப் பிடித்து வைக்காது, ஆகவே நல்ல இயந்திரத்திலும் அது காயாது. மஞ்சள் கறையும் அப்படித்தான், எந்தச் சூட்டிலும் முழுதாகப் போகாது.

முதலில் வரும் தண்ணீரைப் பாருங்கள்

லண்டனிலோ ஜேர்மனியிலோ இருக்கும் சொந்தக்காரரிடம் கேட்டால், "பச்சைத்தண்ணிக் குழாயில்தானே பூட்டுறது, மிசின் தானே சுடவைக்கும்" என்பார்கள். அங்கே அது சரி. 230 வோல்ற் மின்சாரத்தில் அந்த இயந்திரங்கள் 2000 வாற் அளவில் சுடவைக்கும். கனடாவில் டிஷ்வொஷர் ஓடுவது 120 வோல்றில். அதன் ஹீற்றர் பெரும்பாலும் 1000 வாற்றை ஒட்டியது. 5 லீற்றர் தண்ணீரை 1000 வாற்றால் சூடாக்கினால் கணக்குப்படி நிமிடத்துக்கு 3 பாகைகூட ஏறாது. கோப்பைகளும் உள்ளே இருக்கும் உருக்குத் தொட்டியும் இழுக்கும் சூட்டைச் சேர்த்தால் இன்னும் குறையும். ஆகவே இங்கே வழக்கமாகப் பூட்டுவது சிங்க்குக்குக் கீழே உள்ள சுடுதண்ணீர்க் குழாயில். ஏற்கெனவே சூடாக வரும் தண்ணீரை இன்னும் கொஞ்சம் ஏற்றிவிடுவதுதான் ஹீற்றரின் வேலை. வரும் தண்ணீர் ஆறியிருந்தால் நல்ல ஹீற்றரும் தோற்றுப்போகும். ஹீற்றர் போய்விட்டது என்று முடிவுகட்டுமுன் இதைப் பார்க்காமல் விடாதீர்கள்.

இறைச்சிக்குள் குத்திப் பார்க்கும் சமையல் வெப்பமானி போதும். சிங்க் பைப்பில் சுடுதண்ணீரைத் திறந்து, சூடு இனி ஏறாது என்ற நிலை வந்ததும் ஒரு குவளையில் பிடித்து அளவுங்கள். 49 பாகை, அதாவது 120 பாகை பரன்ஹீற்றுக்குக் கிட்ட இருக்கவேண்டும். 40ஐக்கூடத் தாண்டவில்லை என்றால் பிழை டிஷ்வொஷரில் இல்லை, சுடுதண்ணீர்த் தாங்கியில். பக்ரீறியா வளராமல் இருக்கத் தாங்கிக்குள் 60 பாகையில் வைத்து, வெளியே வரும் இடத்தில் ஒரு கலவை வால்வால் 49க்கு இறக்குவது வழக்கம். அந்த வால்வு பழுதானாலும் இப்படி ஆகும். இது வீட்டுக்காரரோ, தாங்கியை வாடகைக்குத் தந்த நிறுவனமோ பார்க்கவேண்டிய அலுவல். நீங்களாகத் தாங்கியின் குமிழைத் திருப்பாதீர்கள். குழந்தைகள் உள்ள வீட்டில் 60 பாகைத் தண்ணீர் பைப்பில் வந்தால் சில விநாடிகளில் தோல் வெந்துவிடும்.

பைப்பில் 49 வருகிறது, ஆனால் ஒரு நிமிடம் காத்திருந்த பிறகுதான் வருகிறது என்றால் அடுத்த காரணம் குழாயின் நீளம். அரை அங்குலச் செப்புக் குழாயில் ஒரு மீற்றருக்குக் கிட்டத்தட்ட 0.15 லீற்றர் தண்ணீர் நிற்கும். தாங்கியிலிருந்து குசினிவரை 10 மீற்றர் என்றால் ஒன்றரை லீற்றர் ஆறிய தண்ணீர். இயந்திரம் ஒரு தடவை எடுப்பதே 4, 5 லீற்றர்தான். மூன்றில் ஒரு பங்கு பச்சைத்தண்ணீராகப் போய்விடும். மருந்து சுலபம்: இயந்திரத்தைத் தொடக்குமுன் சிங்க் பைப்பில் தண்ணீர் சுடும்வரை ஓடவிடுங்கள். அந்தத் தண்ணீரை வீணாக்காமல் சட்டி ஊறவைக்கலாம். மேல்வீட்டில் ஆட்கள் குளிக்கிற, உடுப்புத் தோய்க்கிற நேரத்தில் பேஸ்மென்ற்றில் டிஷ்வொஷர் போடவேண்டாம்.

தண்ணீர் உள்ளே ஏறும் சத்தம் கேட்கும்போது சிங்க்குக்குக் கீழே உள்ள குழாயைத் தொட்டுப் பாருங்கள். சில்லென்று இருந்தால், யாரோ பச்சைத்தண்ணீர்ப் பக்கம் பூட்டிவிட்டார்கள். அவசரமாகத் திருத்திய பேஸ்மென்ற்றுகளில் இது நடக்கும். குளிர்காலத்தில் 10 பாகைக்கும் கீழே வரும் தண்ணீரை அந்தச் சின்ன ஹீற்றர் 60க்குக் கொண்டுபோக, வெறுந்தண்ணீருக்கே 17 நிமிடத்துக்கு மேல் எடுக்கும். பாத்திரங்களோடு நிறைய நேரம் செல்லும். சில மொடல்கள் அவ்வளவு பொறுமையாக நிற்காமல் அடுத்த கட்டத்துக்குப் போய்விடும்.

பிறகு இயந்திரம்

கழுவும் முறையின் தெரிவு முதலில். வெறும் அலசல் தெரிவில் பல இயந்திரங்கள் ஹீற்றரையே போடாது. விரைவுத் தெரிவுகளிலும் சூடு குறைவாக இருக்கலாம். வழமையான தெரிவை எடுத்து, அதோடு ஹை-ரெம்ப் (அதிக சூடு) அல்லது சனிரைஸ் (கிருமிநீக்கம்) பொத்தானை அழுத்தி ஒரு முறை ஓடவிடுங்கள். சனிரைஸ் சான்றுள்ள இயந்திரத்தில் கடைசி அலசல் 66 பாகையைத் தொடவேண்டும். தொட்டால்தான் பல மொடல்களில் முடிவில் சனிரைஸ் வெளிச்சம் எரியும். வெளிச்சம் வந்தால் ஹீற்றர் உயிரோடு இருக்கிறது.

வெப்பமானியாலும் பார்க்கலாம். தொடங்கி 25 நிமிடம் போனதும் கதவைக் கொஞ்சமாகத் திறந்து, ஆவி அடங்கவிட்டு, அடியில் நிற்கும் தண்ணீரை அளவுங்கள். பைப்பில் அளந்ததைவிட ஏறியிருக்கவேண்டும். இறங்கியிருந்தால் ஹீற்றர் வேலைசெய்யவில்லை, அல்லது அதற்குக் கட்டளை போகவில்லை.

கட்டளை போகாததற்கு எங்கள் சமையலுக்கே உரிய ஒரு காரணம் உண்டு. தொட்டியின் அடியில் வளையமாக ஹீற்றர் தெரியும் மொடல்களும் இருக்கின்றன, போஷ் போல ஒன்றுமே வெளியே தெரியாதவையும் இருக்கின்றன. இரண்டாவது வகையில் ஹீற்றர் பம்பு வழியில் மறைந்திருக்கும். தண்ணீர் போதிய வேகத்தில் ஓடாவிட்டால் எரிந்துபோகும் என்பதால் இயந்திரம் அதைப் போடவே போடாது. சோற்றுப் பருக்கை, கறிவேப்பிலை, தேங்காய்ப்பூ, மீன்முள் எல்லாம் வடியில் அடைத்தால் ஓட்டம் குறையும், அத்தோடு சூடும் நிற்கும். அடித்தட்டை வெளியே எடுத்து, உருளையான வடியை இடப்பக்கம் திருப்பிக் கழற்றி, பழைய பல்துலக்கியால் பைப்புக்குக் கீழே தேயுங்கள். நாள்தோறும் சமைக்கிற வீட்டில் கிழமைக்கு ஒருதரம் செய்யவேண்டிய வேலை இது. சோற்றுக் கஞ்சி காய்ந்தால் வலையில் கண்ணுக்குத் தெரியாத தோலாகப் படியும், ஆகவே வெளிச்சத்துக்குப் பிடித்துப் பாருங்கள். தொட்டியின் முன்மூலையில் காளான்போல ஒரு மிதவை இருந்தால் அது மேலும் கீழும் தடங்கலில்லாமல் அசையவேண்டும். மேலே சிக்கிக்கொண்டால் தொட்டி நிறைந்துவிட்டது என்று நினைத்து இயந்திரம் தண்ணீர் எடுக்காது.

இயந்திரம் காட்டும் பிழைக் குறியீடுகளும் உதவும். போஷ் இயந்திரத்தில் ஈ09 (E09) என்றால் ஹீற்றர் கோளாறு. எல்ஜியில் எச்ஈ (HE). வேர்ள்பூல் வகைகளில் கிளீன் விளக்கு விடாமல் சிமிட்டினால் பெரும்பாலும் ஹீற்றர் சுற்றில்தான் பிழை.

வாடகை வீடா, சொந்த வீடா

வாடகை வீடென்றால் இதற்குமேல் கைவைக்காதீர்கள். வாடகை ஒப்பந்தத்தில் டிஷ்வொஷரும் சேர்ந்திருந்தால், 2006ஆம் ஆண்டின் குடியிருப்பு வாடகைச் சட்டத்தின் 20ஆம் பிரிவுப்படி அதைத் திருத்திக்கொடுப்பது வீட்டுக்காரரின் கடமை. தொலைபேசியில் சொன்னதைப் பிறகு நிரூபிப்பது கஷ்டம். பைப்பில் எத்தனை பாகை, இயந்திரத்துக்குள் எத்தனை பாகை, என்ன குறியீடு என்று படத்தோடு மின்னஞ்சலோ குறுஞ்செய்தியோ அனுப்புங்கள். "அண்ணை, தண்ணி சுடேல்லை" என்பதைவிட இரண்டு இலக்கங்கள் வேகமாக வேலைசெய்யும். இழுத்தடித்தால் வீட்டுக்காரர்–வாடகையாளர் சபைக்கு, திருத்தவேலை செய்யாததற்கான ரி6 (T6) படிவம் கொடுக்கலாம். கோபத்தில் வாடகையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். வாடகை கட்டாததற்காக வீட்டைவிடச் சொல்லும் என்4 (N4) அறிவித்தல் உங்கள் கைக்கு வரும், நியாயம் உங்கள் பக்கம் இருந்தும் நீங்கள்தான் பதில் சொல்லவேண்டி வரும்.

சொந்த வீடு, கையில் மல்ரிமீற்றர் இருக்கிறது, பாவிக்கவும் தெரியும் என்றால் தொடரலாம். பிறேக்கரை அணையுங்கள். இங்கே பல டிஷ்வொஷர்களுக்குச் சுவரில் பிளக் கிடையாது, வயர் நேரடியாக உள்ளே போகும். ஆகவே இயந்திரத்தின் பொத்தானை அணைத்தது காணாது. பிறேக்கர் பெட்டியில் பெயர் பிழையாக எழுதியிருப்பது சாதாரணம், அதனால் வயரில் மின்சாரம் இல்லை என்பதைச் சோதிப்பானால் உறுதிசெய்யுங்கள். தகட்டு ஓரம் கையை வெட்டும், கையுறை போடுங்கள். கீழே உள்ள உதைதகட்டைக் கழற்றினால் அதன் பின்னால் மடித்துவைத்த தொழில்நுட்பத் தாள் பல மொடல்களில் இருக்கும். உங்கள் இயந்திரத்துக்கான சரியான அளவுகள் அதில்தான் உள்ளன. அதை வீசிவிடாதீர்கள்.

ஹீற்றரின் இரண்டு முனைகளிலும் வயரைக் கழற்றி ஓம் அளவுங்கள். 10 முதல் 30 வரை வந்தால் நல்லது. முடிவிலி காட்டினால் உள்ளே அறுந்துவிட்டது. ஒவ்வொரு முனைக்கும் இயந்திரத்தின் உலோக உடலுக்கும் இடையிலும் அளவுங்கள். அங்கே தொடர்பு ஏதும் இருக்கக்கூடாது. இருந்தால் ஹீற்றரிலிருந்து மின்சாரம் உடலுக்குக் கசிகிறது, பிறேக்கரைப் போடவேண்டாம். ஹீற்றர் சரியென்றால், சூடு அளவுமீறினால் மின்சாரத்தை வெட்டும் அதிசூட்டுத் தேர்மோஸ்ராற் உள்ள மொடல்களில் அது ஆறிய நிலையில் பூச்சியத்துக்குக் கிட்டக் காட்டவேண்டும். சூட்டை அளக்கும் தேர்மிஸ்ரரின் ஓம், சுடுதண்ணீரில் பிடிக்கக் குறைந்துகொண்டே வரவேண்டும். இவை எல்லாம் சரியென்றால் மிஞ்சுவது வயர்ப் பெட்டியில் உருகிய இணைப்பு, அல்லது கட்டுப்பாட்டுப் பலகையில் ஹீற்றர் றிலேயின் ஈயப்பற்று கருகியது. வீட்டு வயரைத் தொடவேண்டி வந்தால் உரிமம் பெற்ற மின் ஒப்பந்தக்காரரைத்தான் கூப்பிடவேண்டும்.

வெளியே தெரியும் வளைய ஹீற்றரை மாற்றுவது செலவு குறைந்த வேலை. பம்போடு சேர்ந்த ஹீற்றர் அப்படியல்ல. 10 வயதான இயந்திரத்துக்கு அதை மாற்றுமுன் புதியதன் விலையையும் கேட்டுப்பாருங்கள். திருத்துபவரைக் கூப்பிடும்போது கதவின் உள்விளிம்பில் ஒட்டியுள்ள மொடல் இலக்கத்தையும் தொடர் இலக்கத்தையும் படம் எடுத்து முதலே அனுப்பிவிடுங்கள். சரியான உதிரிப்பாகத்தோடு வந்தால் இரண்டாவது வருகைக்குப் பணம் கட்டத் தேவையில்லை.