மாத மருந்துச் செலவைக் குறைப்பது எப்படி: ஒரு மருந்தாளுநர் சொல்வது

மருந்துக்கடைக்கு வருகிறவர்களில் பலர் முதலில் கேட்பது "எவ்வளவு தள்ளுபடி?" என்றுதான். கும்பகோணத்தில் கவுண்டருக்கு உள்பக்கம் நிற்கிற மருந்தாளுநராகச் சொல்கிறேன், பேரம் பேச வேண்டிய இடம் இது இல்லை. சீட்டோடு நீங்கள் என் முன்னால் வந்து நிற்பதற்குள் எந்தக் கம்பெனி, என்ன விலை என்பதெல்லாம் முடிவாகிவிடுகிறது. முடிவு செய்தவர் மருத்துவர். பணம் கொடுப்பவர் நீங்கள். மாத்திரை சாப்பிடுவது உங்கள் அம்மாவாக இருக்கலாம். அரிசி வாங்கும்போது கையில் அள்ளிப் பார்ப்பீர்கள், பிடிக்கவில்லை என்றால் அடுத்த கடைக்குப் போவீர்கள். மாத்திரையை அப்படிப் பார்த்து எதுவும் தெரிந்துகொள்ள முடியாது. விலை ஏறிவிட்டது, இந்த மாதம் இன்சுலின் வேண்டாம் என்று ஒதுக்கவும் முடியாது.

கென்னத் ஆரோ என்ற அமெரிக்கப் பொருளியலாளர் 1963-லேயே இதை ஒரு கட்டுரையில் விரிவாக எழுதினார். எப்போது நோய் வரும் என்று யாருக்கும் தெரியாது. வந்தால் எது தேவை என்பதும் நோயாளிக்குத் தெரியாது, மருத்துவருக்குத்தான் தெரியும். அதனால் மற்ற சந்தைகளில் போட்டி செய்கிற வேலையை மருத்துவத்தில் போட்டி செய்யாது என்பது அவர் வாதம். எங்கள் தெருவிலேயே பல மருந்துக்கடைகள் இருக்கின்றன. ஆனால் நாங்கள் போட்டி போடுவது தள்ளுபடியில் மட்டும்தான். சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்பதில் எங்களுக்குப் பங்கில்லை. பரிந்துரைச் சீட்டில் ஒரு பிராண்ட் எழுதியிருந்தால், அதே மருந்தின் வேறு பிராண்டை நானாக மாற்றிக் கொடுக்கச் சட்டம் இடம் தருவதில்லை.

சரி, என்ன செய்யலாம்?

முதலில் வீட்டில் இருக்கிற அட்டைகளை எல்லாம் மேசையில் பரப்புங்கள். பெரிய எழுத்தில் கண்ணைப் பறிப்பது கம்பெனி வைத்த பெயர். அதை விட்டுவிட்டு 'டாப்லெட்ஸ் ஐ.பி.' என்பதற்கு முன்னால் இருக்கிற பெயரைத் தேடுங்கள். மெட்பார்மின், அம்லோடிபின், டெல்மிசார்டன், அடோர்வாஸ்டாடின் என்று ஏதாவது இருக்கும். அதுதான் மருந்து. பக்கத்தில் எத்தனை மில்லிகிராம், எஸ்.ஆர்., எக்ஸ்.எல். போன்ற எழுத்துகள் (மருந்து மெல்ல மெல்ல வெளிவரும் வகை என்று பொருள்) உண்டா என்பதையும் சேர்த்து ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அப்படி எழுதும்போதே, ஒரே மருந்தை இரண்டு மருத்துவர்கள் இரண்டு பெயரில் கொடுத்திருப்பது சிலருக்குத் தெரியவரும். அப்படி இருந்தால் அதை உடனே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கப் போகும்போது அந்தத் தாளையும் எடுத்துப் போங்கள். எல்லாச் செலவும் தீர்மானமாவது அந்த அறையில்தான். கேட்கத் தயங்குவீர்கள், எனக்குத் தெரியும். திருபுவனத்திலிருந்து வரும் நெசவுக்கார ஐயா ஒருவரிடம் நான் சொல்லிக் கொடுத்தது இது: "சார், மாசா மாசம் வாங்க வேண்டியிருக்கு. கம்பெனி பேர் இல்லாம மருந்து பேரா எழுதித் தர முடியுங்களா?" இதில் மருத்துவருக்குக் குறையாகப்படும்படி எதுவும் இல்லை. இன்னொரு கேள்வியும் கேட்கலாம்: "ரெண்டு மருந்து சேர்ந்த மாத்திரைக்குப் பதிலா தனித்தனியா எடுத்தா பரவாயில்லையா?" சேர்ந்த மாத்திரைக்கு நல்ல காரணம் இருக்கலாம். நிறைய மாத்திரை விழுங்குகிற முதியவர்கள் ஒன்றைக்கூட மறக்காமல் இருக்க அது உதவும். ஆனால் அரசின் விலை உச்சவரம்புப் பட்டியலில் பெரும்பாலான கலவை மாத்திரைகள் கிடையாது. தனி மருந்துக்கு வரம்பு இருக்கும். அதோடு இன்னொன்றைச் சேர்த்துவிட்டால் பெரும்பாலும் அந்த வரம்புக்கு வெளியே போய்விடும்.

இந்த உச்சவரம்பைக் கொஞ்சம் புரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் இதை நம்பித்தான் பலரும் நிம்மதியாக இருக்கிறார்கள். தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் 1997-ல் வந்தது. 2013-ம் ஆண்டின் விலைக் கட்டுப்பாட்டு ஆணைப்படி, அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ளவற்றுக்கு அது உச்சவிலை வைக்கிறது. எப்படி வைக்கிறது? சந்தையில் 1 சதவீதத்துக்குக் குறையாத பங்கு வைத்திருக்கிற பிராண்டுகள் கடைக்காரருக்குக் கொடுக்கும் விலையைக் கூட்டிச் சராசரி எடுத்து, அதன் மேல் 16 சதவீதம் சேர்க்கிறார்கள். தயாரிக்க எவ்வளவு ஆகிறது என்பது இந்தக் கணக்கில் வருவதே இல்லை. விலை உயர்ந்த பிராண்டுகள் சராசரியை மேலே இழுத்துவிடும். ஆகவே உச்சவிலை என்பதை நியாயவிலை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். இதைத் தாண்டி விற்கக் கூடாது, அவ்வளவுதான். பட்டியலில் இல்லாத மருந்துக்கு வருடம் 10 சதவீதம் வரை விலை ஏற்றிக்கொள்ளலாம். ஆணையத்தின் 'பார்மா சஹி தாம்' செயலியில் மருந்தின் பெயரைப் போட்டால் உச்சவிலை தெரியும். கடையில் அதற்கு மேல் வாங்கினால் மருந்துக் கட்டுப்பாட்டு ஆய்வாளரிடம் புகார் கொடுக்கலாம். அதற்கு பில் வேண்டும், கேட்டு வாங்குங்கள்.

அப்புறம், எங்கள் தொழிலில் வெளியே அதிகம் பேசாத ஒன்று. சாதாரண மருந்துக்கடையில் 'ஜெனரிக்', அதாவது பெரிய பிராண்ட் இல்லாத அதே மருந்து, என்று வாங்கினால் உங்களுக்கு மலிவாகக் கிடைக்கும் என்று உறுதி இல்லை. கடைகளுக்கென்றே கம்பெனிகள் விற்கிற ஜெனரிக் வகை ஒன்று உண்டு. அதைக் கம்பெனியின் விற்பனைப் பிரதிநிதி எடுத்துப் போய் மருத்துவரிடம் பேசுவதில்லை, நேராகக் கடைக்கு வந்துவிடும். எங்களுக்கு அடக்கவிலை மிகக் குறைவு. அட்டையில் அச்சிட்ட விலையோ பெரிய பிராண்டுக்குப் பக்கத்தில் இருக்கும். நடுவில் உள்ள தொகை முழுவதும் கடைக்காரர் கையில். அதில் 20 சதவீதம் தள்ளிக் கொடுத்தாலும் அவருக்கு நிறைய மிஞ்சும். ஆகவே தள்ளுபடி சதவீதத்தைப் பார்க்காதீர்கள். ஒரு மாத்திரைக்கு எத்தனை ரூபாய் என்று வகுத்துப் பாருங்கள். இரண்டு கடைகளை ஒப்பிட இந்த ஒரு எண் போதும்.

உண்மையிலேயே மலிவாக வாங்க மூன்று வழிகள் இருக்கின்றன. மக்கள் மருந்தகம் என்ற மத்திய அரசுத் திட்டத்தின் ஜன் ஔஷதி கடைகள் 2008-ல் தொடங்கியவை. தமிழ்நாட்டில் 2025 பிப்ரவரி 24 அன்று மாநில அரசுத் திட்டத்தில் 1,000 முதல்வர் மருந்தகங்கள் திறக்கப்பட்டன. இரண்டிலும் எல்லா மருந்தும் எப்போதும் இருக்காது. தாளில் எழுதியதைக் காட்டி, எது இருக்கிறதோ அதை அங்கே வாங்கிக்கொண்டு மீதியை வேறு கடையில் வாங்குங்கள்.

மூன்றாவது, ஆரம்ப சுகாதார நிலையம். அங்கே கொடுப்பது இலவச மாத்திரை, வேலை செய்யாது என்று சொல்பவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. 1994-ல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மருந்தின் பெயரில் ஒப்பந்தப்புள்ளி கோரி, மாநிலம் முழுமைக்கும் மொத்தமாக வாங்குகிறது. அவ்வளவு பெரிய கொள்முதலை இழக்க எந்தக் கம்பெனிக்கும் மனம் வராது, அதனால் விலை இறங்குகிறது. வந்த சரக்கில் ஒவ்வொரு பேட்ச்சிலிருந்தும் (ஒரே தடவையில் தயாரித்த தொகுதி) மாதிரி எடுத்து ஆய்வகத்தில் சோதித்த பிறகுதான் மருத்துவமனைகளுக்குக் கொடுக்கிறார்கள். நானும் நீங்களும் மாத்திரையைச் சோதிக்க முடியாது. அந்தப் பயத்தில்தான் பெயர் பெற்ற பிராண்டுக்குக் கூடுதல் பணம் கொடுக்கிறோம். இங்கே நமக்காகச் சோதிக்க ஒருவர் இருக்கிறார். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை எடுப்பவர்கள், நடக்க முடியாதவர்களாக இருந்தால், 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டிலேயே பெறலாம். உங்கள் பகுதிச் சுகாதார நிலையத்தில் பெயரைப் பதியுங்கள்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்லிவிடுகிறேன். வலிப்புக்கான பெனிடாயின், ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் வார்பரின், தைராய்டு மாத்திரை ஆகியவற்றில் அளவு சிறிது மாறினாலும் உடலில் தெரியும். விலைக்காக இவற்றின் பிராண்டை நீங்களாக மாற்றவே கூடாது. மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் மருத்துவரிடம் சொல்லிவிட்டு, மறுபடி ரத்தப் பரிசோதனை தேவையா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

மருத்துவமனை பில் தனி உலகம். 2017 பிப்ரவரியில் இதய ஸ்டென்ட்டுக்கு (அடைபட்ட ரத்தக்குழாயைத் திறந்து வைக்கப் பொருத்தும் சின்னக் குழல்) உச்சவிலை வைத்தார்கள்: சாதாரண வகைக்கு 7,260 ரூபாய், மருந்து பூசியதற்கு 29,600 ரூபாய், வரி தனி. லட்சத்துக்கு மேல் விற்ற பொருள் அது. இந்தத் தொகையை ஆண்டுதோறும் திருத்துகிறார்கள், ஆகவே இன்றைய எண்ணை ஆணையத்தின் தளத்தில் பாருங்கள். பில்லில் ஸ்டென்ட்டின் விலை, பிராண்ட், கம்பெனி, பேட்ச் எண் எல்லாம் தனியாக வர வேண்டும் என்பதும் அந்த ஆணையிலேயே இருக்கிறது. ஆனால் விலையைக் கட்டியது ஸ்டென்ட்டுக்கு மட்டும். அறை வாடகை, அறுவைக் கட்டணம், அடைப்பை விரிக்கும் பலூன், மற்ற சாமான்கள் எதுவும் அந்த ஆணைக்குள் வராது. எனவே ஸ்டென்ட் விலையை மட்டும் விசாரித்துவிட்டு வராதீர்கள். முழுத் தொகையையும் எழுத்தில் கேளுங்கள், இரண்டு மருத்துவமனைகளில் கேளுங்கள்.

நெஞ்சுவலியோடு ஓடும்போது இதெல்லாம் முடியாது. அதனால் குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால், எல்லாரும் நலமாக இருக்கிற இப்போதே முதலமைச்சர் காப்பீட்டு அட்டையை வாங்கி வையுங்கள். வருமானச் சான்றிதழ், குடும்ப அட்டை, ஆதார் மூன்றையும் எடுத்துக்கொண்டு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போனால் பதிவு செய்துகொள்ளலாம். ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கும். உங்கள் ஊருக்குப் பக்கத்தில் எந்தெந்தத் தனியார் மருத்துவமனைகள் இந்தத் திட்டத்தில் இருக்கின்றன, எந்த நோய்க்கு இருக்கின்றன என்பதையும் அங்கேயே கேட்டு, அட்டைக்குப் பின்னால் எழுதி வையுங்கள்.