மேகத்தைப் படமெடுக்கும்போது தரையை விட்டுவிடாதீர்கள்

சித்திரைக் கடைசியில் ஒரு சாயங்காலம், மதுரைக்குப் பக்கத்தில் கீழக்குயில்குடி சமணர் மலைப் பாறையில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் இரண்டு கல்லூரித் தம்பிகள். தலைக்கு மேல் வெள்ளை உருண்டைகள் வரிவரியாகப் பரவிக்கிடந்தன. இருவரும் செல்போனில் ஜூமை இழுத்து இழுத்து எடுத்தார்கள். பிறகு ஒருவன் திரையைக் காட்டி, "அண்ணே, இது என்ன மேகம்?" என்றான். திரை முழுக்க உருண்டைகள்தான் இருந்தன, வேறொன்றும் இல்லை. அந்தப் படத்தை வைத்து யாராலும் பதில் சொல்ல முடியாது. நானும் பல வருஷம் இப்படித்தான் எடுத்தேன். அதனால்தான் இதை எழுதுகிறேன். லென்ஸைத் துடைக்காதது, கை ஆடியது போன்ற தவறுகளை விட்டுவிடுகிறேன், அவை நாலு நாளில் தானாகவே சரியாகிவிடும்.

தரையே இல்லாத படம்

உருண்டை உருண்டையாகத் தெரியும் மேகம் மூன்று வகையாக இருக்கலாம்: மிக உயரத்தில் கீற்றுத்திரள், நடு உயரத்தில் இடைத்திரள், தாழ்வில் படைத்திரள். உருவம் ஏறக்குறைய ஒன்றுதான், கண்ணுக்குத் தெரியும் அளவில்தான் வித்தியாசம். கையை முழுக்க நீட்டிச் சுண்டுவிரலைப் பிடியுங்கள். ஓர் உருண்டை அதற்குள் மறைந்தால் கீற்றுத்திரள். சுண்டுவிரலை மீறி, நடு மூன்று விரல்களுக்குள் அடங்கினால் இடைத்திரள். அதையும் மீறினால் படைத்திரள். அடிவானத்திலிருந்து மூன்று முஷ்டி உயரத்துக்கு மேலே இருக்கும் மேகத்தில்தான் இப்படி அளக்க வேண்டும். அதற்குக் கீழே எல்லாம் நெருங்கிச் சிறுத்துத் தெரியும்.

இப்போது ஐந்து மடங்கு ஜூம் செய்தால் என்ன ஆகும்? கீற்றுத்திரள் இடைத்திரள் மாதிரி ஆகிவிடும். அளவுக்கு ஒரு பனையோ, கோபுரமோ, மலை விளிம்போ படத்தில் இல்லையென்றால் பிறகு பார்ப்பவருக்கு எதுவும் புரியாது.

இதில் நான் இழந்தது பெரிது. ஒரு மே மாத மதியம், இதே பாறையிலிருந்து பார்த்தபோது வடக்கே சிறுமலைப் பக்கம் திரள் மேகங்கள் கோபுரம் கோபுரமாக எழும்பிக்கொண்டிருந்தன. அன்று காற்றில் தூசியே இல்லை, அடியிலிருந்து உச்சி வரை துல்லியமாகத் தெரிந்தது. நான் தேடியது ஒரே ஒரு நிமிஷத்தை. காலிஃபிளவர் மாதிரி விளிம்பு வெட்டினாற்போல் இருக்கும் வரை அது திரள் மேகம். உச்சியில் நீர்த்துளிகள் பனித்துகளாகத் தொடங்கியதும் விளிம்பு மங்கி, நார்நாராகி, பட்டறைக்கல் மாதிரி பக்கவாட்டில் விரியும். அதுதான் கார்திரள், இடிமழை மேகம். அந்த மாற்றம் நடக்கும் கணத்தைப் பிடிக்க 250 மி.மீ. லென்ஸில் 140 படம் எடுத்தேன். ஒன்றில்கூட மலை இல்லை. பேட்டரி மாற்றியபோது கேமராவின் கடிகாரம் பழைய தேதிக்குப் போயிருந்ததையும் கவனிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து வரிசைப்படுத்தினால் ஒன்றும் பிடிபடவில்லை. 60-வது படத்தில் இருக்கும் கோபுரமும் 61-வதில் இருப்பதும் ஒன்றுதானா? எழும்பிய இரண்டில் எது அமுங்கியது, எது கார்திரள் ஆனது? சொல்ல வழியில்லை. அப்புறம் எத்தனையோ கோடையில் அதே பாறைக்குப் போய்விட்டேன். தூசி மறைத்தது, இல்லையென்றால் முன்னால் இன்னொரு மேகம் மறைத்தது. அதை நினைத்தால் இன்றும் எரிச்சலாக இருக்கிறது.

ஆகவே முதல் படம் எப்போதும் ஜூம் இல்லாமல், கீழே கொஞ்சம் மலையோ வீடோ தெரியும்படி இருக்கட்டும். நின்ற இடத்தையும் பார்த்த திசையையும் குறித்துக்கொள்ளுங்கள். திரள் மேகம் என்றால் ஒரே இடத்திலிருந்து இரண்டு நிமிஷத்துக்கு ஒன்று எடுங்கள். ஜூம் எல்லாம் அதற்கப்புறம்.

கறுப்பென்றால் மழை மேகம் என்று நினைப்பது

சாயங்காலம் ஒத்தக்கடையில் நின்று ஆனைமலைக்குக் கிழக்கே இருக்கும் திரள் மேகத்தைப் பாருங்கள், பாலாக வெளுத்திருக்கும். அதே மேகத்தை அதே நேரத்தில் மேலூர்க்காரர் மேற்கே பார்த்தால் கறுத்துத் தெரியலாம். சூரியன் யாருக்குப் பின்னால் இருக்கிறது என்பதே காரணம். லண்டனில் லூக் ஹோவர்ட் என்ற மருந்தாளர் 1802-இல் மேகங்களுக்குப் பெயர் வைத்தபோதும் கீற்று, திரள், படை என்று உருவத்தை வைத்தே பிரித்தார். இன்றைய பத்து வகைகளுக்கும் அதுதான் அடிப்படை. உச்சி மறைந்திருந்தாலும் இடியோ மின்னலோ வந்தால் அது கார்திரள் என்றே எழுதலாம்.

நிழலைப் பார்க்காதது

வானம் முழுக்க மெல்லிய வெண்திரை போட்டிருந்தால் குனிந்து தரையைப் பாருங்கள். உங்கள் நிழல் விழுந்தால் பெரும்பாலும் கீற்றுப்படை, மிக உயரத்தில் விரிந்த மேகம். சூரியனைச் சுற்றி, நீட்டிய கையின் ஒரு சாண் தள்ளி, வட்டம் தெரிகிறதா என்று தேடலாம். சூரியனைத் தென்னை மட்டைக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு எடுங்கள். நிழலே இல்லாமல், சூரியன் பால்கண்ணாடிக்குப் பின்னால் இருப்பது போல் தெரிந்தால் நடு உயரத்தில் விரிந்த இடைப்படை.

வெளுத்துப்போன உச்சி

கொஞ்சம் இருட்டாக எடுங்கள். வெளிச்சம் மிஞ்சி வெளுத்துப்போன மேக உச்சியை எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது.

வாட்ஸ்அப்பில் வந்ததை மட்டும் வைத்துக்கொள்வது

நேரமும் இடமும் அதில் அழிந்துவிடும். மூலப்படத்தை டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள்.

இடி கேட்ட பிறகும் பாறையில் நிற்பது

இறங்கிவிடுங்கள். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் ஆகும்வரை ஏறாதீர்கள்.

சூரியன் விழுந்ததும் கிளம்புவது

கீற்று மேகம் அவ்வளவு உயரத்தில் இருப்பதால், நமக்கு மறைந்த சூரியன் அதற்குச் சுமார் கால் மணி நேரம் தெரியும். அன்று அந்தத் தம்பிகள் ஆறரைக்கு வண்டியை எடுத்துவிட்டார்கள். ஆறே முக்காலுக்கு, அதே மலையிலிருக்கும் பேச்சிப்பள்ளத்துக்கு மேலே வானம் முழுக்கச் செம்பருத்தி நிறம்.