வேப்பம் பலகையில் பிள்ளைகளுக்கு ஒரு றாக்கை

550 சதுர அடி வீட்டுத்திட்ட வீட்டில் பிள்ளைகளின் அறை எவ்வளவு இருக்கும் என்பது வன்னியில் இருப்பவர்களுக்குத் தெரியும். கட்டிலைப் போட்டால் புத்தகப்பைகள் நிலத்தில்தான். எங்கள் மூத்தவளின் இரண்டாம் தவணைக் கொப்பிகளில் அரைவாசியைக் கறையான் மண்ணாக்கிய பிறகுதான் நான் வாளைக் கையில் எடுத்தேன்.

செய்யப்போவது 3 அடி அகலம், இரண்டரை அடி உயரம், 1 அடி ஆழமுள்ள புத்தக றாக்கை. அதற்குமேல் உயர்த்தாதீர்கள், சின்னவன் தானே எடுத்துத் தானே வைக்க வேண்டும்.

மரக்காலையில் 6 அங்குல அகலம், 1 அங்குலத் தடிப்பில் வேப்பம் பலகை 30 அடி, 2க்கு 1 அங்குலச் சட்டம் 9 அடி வாங்குங்கள். முதிரையும் தேக்கும் நம் கைக்கு எட்டாது; வேம்பின் கசப்பைக் கறையான் அவ்வளவாக விரும்பாது. சரக்கு ஏற்றி வந்த பலட் பலகை மலிவாகக் கிடைத்தால் முத்திரையைப் பாருங்கள். எச்.டி. என்றால் வெப்பத்தில் பதப்படுத்தியது. எம்.பி. என்றால் மெதில் புரோமைட் புகையூட்டியது, தொடவே வேண்டாம்.

பலகை காய்ந்திருக்க வேண்டும். நான் கார்த்திகை மழைக்குள் ஈரப்பலகையை வாங்கி அப்படியே பூட்டினேன். சித்திரை வெயிலில் இரண்டு பலகைகளுக்கும் நடுவே நீக்கல் விட்டது. சின்னவன் அதற்குள் பென்சில்களைத் தபால் போட்டு விளையாடினான். இடையிடையே குச்சி வைத்து அடுக்கி, நிழலில் ஒரு மாதமாவது காயவிடுங்கள்.

சீவியபின் 30 அங்குலத்தில் 4 துண்டுகள் (பக்கங்கள்), 36 அங்குலத்தில் 2 துண்டுகள் (மேற்பலகை) வெட்டுங்கள். உள்தட்டுகளை அவசரப்பட்டு வெட்டாதீர்கள். சீவிய பலகை 1 அங்குலம் இராது. இரு பக்கத் தடிப்பையும் அளந்து 36இல் கழியுங்கள். வருவதுதான் தட்டின் நீளம். அதில் 4 துண்டுகள் வேண்டும், பின்சட்டத்துக்கும் அதே நீளம்.

பக்கத்துக்கு இரண்டு பலகைகளைச் சேர்த்துக் கிடத்தி, 11 அங்குலச் சட்டத்துண்டுகள் மூன்றை முன்விளிம்போடு ஒட்டிப் பூட்டுங்கள்: கீழிருந்து 4 அங்குலத்தில் ஒன்று, 16இல் ஒன்று, உச்சியில் ஒன்று. ஒன்றரை அங்குலத் திருகாணி போதும். முதலில் துளையிடாவிட்டால் பலகை நுனி வெடிக்கும். பிறகு சட்டங்கள் உள்ளே இருக்க இரண்டு பக்கங்களையும் நிறுத்தி, கீழ்ச் சட்டங்கள் இரண்டின் மேலும் தட்டுக்கு இரண்டு பலகையாக வைத்துப் பூட்டுங்கள். பின்னால் மிஞ்சும் 1 அங்குல இடத்தில், உச்சியில் பின்சட்டம் போகும். மூலைக்கு மூலை இரண்டு பக்கமும் அளந்து, அளவு ஒத்தால் மேற்பலகையைப் பூட்டலாம்.

முனைகளை அரத்தாளால் மழுக்குங்கள். கறையானுக்குக் கழிவு ஒயில் பூசச் சொல்வார்கள். கூரைக்குப் பூசட்டும், பிள்ளை கைவைக்கும் பலகைக்கு வேண்டாம். ஈயம் சேராத பெயின்ட் இரண்டு பூச்சு போதும். காலடியையும் மறக்காமல் பூசுங்கள்.

கடைசியாக, சுவரில் கட்டாயம் பூட்டுங்கள், பிள்ளைகள் ஏறுவார்கள். பின்சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே 1 அங்குலக் கட்டை இரண்டு வைத்து, 4 அங்குலத் திருகாணியைச் சுவரில் துளையிட்டுச் செருகிய பிளக்கில் இறக்குங்கள். அந்த இடைவெளி வேண்டுமென்றே விட்டது. எங்கள் வீட்டில் சனிக்கிழமைகளில் டோர்ச் அடித்து அதற்குள் கறையானின் மண்கோடு ஏறியிருக்கிறதா என்று பார்ப்பது சின்னவனின் வேலை.